ஹெல்மெட் போட்டவன் கண் துடைத்த பக்கம்

புரூப் மேசைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள் என்று முதலாளி சொன்னார். உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். முதலில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் தாள் மடித்தேன். பிறகு வெள்ளவத்தைக்கு வந்து, நீங்கள் இப்போது இருக்கும் அதே மேசையில், மற்றவர்கள் எழுதியதை வாசித்தேன். நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தெரிந்ததைத் தெரிந்த மாதிரிச் சொல்கிறேன்.

எழுத்துப்பிழை பிடிப்பது எப்படி என்று சொல்லப்போவதில்லை. அது இரண்டு மாதத்தில் கைக்கு வரும். வராவிட்டால் வேறு வேலை பாருங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

முதலாளி ஒரு நாள் உங்கள் முன்னால் ஒரு கைப்பிரதியை வைப்பார். "இதை நம்பலாமோ?" என்று கேட்பார். நல்லதா கெட்டதா என்று கேட்க மாட்டார். நம்பலாமா என்றுதான் கேட்பார். என்னிடம் கேட்பதற்கு அவர் ஒரு காரணம் சொல்வார்.

"படிச்ச ஆக்கள் எதையும் நம்புவினம் அக்கா. நீங்கள் நம்பினாத்தான் கதை."

புகழ்ச்சியா நக்கலா என்று நான் யோசித்ததில்லை. கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டு தடவை பிழையாகச் சொன்னேன். இரண்டும் ஹெல்மெட் கதைகள்.

ஹெல்மெட் கதை என்று நாங்கள் மேசையில் வைத்த பெயர். தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் இன்னோர் உலகத்தைப் பார்த்து, அதற்குள் வாளெடுத்துச் சண்டை பிடித்து விளையாடுகிறார்களே, அதைப்பற்றிய கதைகள். இப்போது உங்களுக்குக் கிழமைக்கு ஒன்று வருகிறதாம். அன்று எங்களுக்குப் புதிது.

முதல் கதையில் நாயகன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுக்கிறான். மூன்று நாள் எழும்பவில்லை. உள்ளே ஒரு ராச்சியத்தைப் பிடித்துவிட்டு எழும்புகிறான். முதலாளி கேட்டார். நான் சொன்னேன், "மந்திரக் கதைதானே சேர். எதுவும் நடக்கும்."

புத்தகம் வந்தது. பத்து நாளுக்குப் பிறகு காலி வீதியில் எங்கள் புத்தகங்களை எடுக்கும் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். ஒரு பிரதியைத் திறந்து காட்டினார். நாயகன் படுத்திருக்கும் படத்தில், கட்டிலுக்குக் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனையால் ஒரு சட்டி கீறியிருந்தார்கள். மூடியும் கீறியிருந்தார்கள்.

"மூண்டு நாளா படுத்திருந்தவன் ஒண்டுக்குப் போகேல்லையாம் அக்கா. அதுதான் சட்டி வைச்சுக் குடுத்திருக்கிறாங்கள்," என்றார். "இந்தப் பக்கத்தைக் காட்டிக் காட்டித்தான் சிரிக்கிறாங்கள். நானும் சிரிச்சனான், பொய் சொல்லக்கூடாது."

நானும் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் போகும்போது சிரிப்பு வரவில்லை. எதுவும் நடக்கும் என்று சொன்னது நான். எதுவும் நடக்கும் என்றால் எதையும் நம்பத் தேவையில்லை. அது எனக்கு அன்று விளங்கியது.

அடுத்த கிழமை கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். அங்கே ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் அந்த விளையாட்டு இருந்தது. சேலையோடு போனேன். வரிசையில் நின்றவர்கள் என்னை ஒருவரின் தாய் என்று நினைத்தார்கள். என் முறை வந்ததும் விலகி நின்று, யாரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று பார்த்தார்கள். நான் என்னைத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

தலையில் மாட்டினார்கள். மலை உச்சியில் நின்றேன். கீழே பள்ளம். ஓர் அடி வைக்கச் சொன்னார்கள். வைக்க முடியவில்லை. சீமெந்துத் தரை என்று தெரியும். முன்னால் நிற்பது மேசை என்றும் தெரியும். கால் கேட்கவில்லை. அங்கே வேலை செய்தவர், "பயவென்ன எபா ஆன்ட்டி," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பயப்பட வேண்டாமாம். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கழற்றிய பிறகு நெற்றியில் பஞ்சு அழுத்திய தடம். எனக்கு முன்னால் போட்டவரின் வியர்வை மணம். கழுத்து இரண்டு நாள் நொந்தது.

இங்கேதான் என் இரண்டாவது பிழை தொடங்கியது. வியர்வையையும் கழுத்து நோவையும் ஞாபகத்தில் வைத்தேன். கால் கேட்காமல் நின்றதை மறந்துவிட்டேன்.

நான் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஹெல்மெட் கதை எது வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: உடம்பு எங்கே?

இனி பிரதீபன் வருகிறார். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கறுத்தக் காற்சட்டை, கையில் நாடா கட்டிய கோப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வருவார், சாப்பிடாமல் திரும்புவார். அவர் கொண்டுவந்ததும் ஹெல்மெட் கதைதான். ஏழு வாசல் உள்ள ஒரு கோட்டை. வாசலுக்கு வாசல் நெருப்பு நாய்கள். கதிர் என்கிற ஒருவன் ஒவ்வொரு வாசலாகத் திறந்து போகிறான்.

வாசித்தேன். சிவப்புப் பேனை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் எழுதினேன்: உடம்பு எங்கே? தேவையில்லை என்று பட்ட வரிகளை வெட்டினேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இந்தக் கதிர் எங்க இருக்கான்?"

"நாலாம் வாசல்ல அக்கா."

"அது உள்ள. வெளிய எங்க இருக்கான்? கதிரையிலயா, கட்டில்லயா?"

அவர் யோசித்தார். "அதை நான் எழுதேல்ல."

"எழுதுங்க. கை எங்க, கால் எங்க, எப்ப தண்ணி குடிச்சான், எப்ப எழும்பினான். எனக்கு உடம்பு வேணும். உடம்பு இல்லாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"வேகம் குறையும் அக்கா."

"குறையட்டும். சட்டி கீறுறத விட நல்லது."

சட்டிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு கோப்பின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

"அக்கா, இது நான் எழுதின நாலாவது. மற்ற மூண்டும் ஒருத்தரும் எடுக்கேல்ல. பின்னேரத்தில டைப் அடிக்க வரச்சொல்லி நோட்டரி ஐயா கேட்டுக்கொண்டிருக்கிறார். செப்டெம்பருக்குள்ள பதில் சொல்லோணும். போறன் எண்டு சொன்னா, எழுதுறதுக்கு நேரமில்லை. இது வந்தா இல்லையெண்டு சொல்லுவன். வராட்டி ஓமெண்டு சொல்லுறன். அவ்வளவுதான்."

அழுது சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஒரு அத்தியாயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அதில் சண்டை இல்லை. மூன்றாம் வாசலுக்கும் நாலாம் வாசலுக்கும் நடுவே ஒரு காடு. காட்டோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் மனிதர் இல்லை, விளையாட்டைச் செய்தவர்கள் உள்ளே வைத்த பொம்மை. அவருக்கு நாலு வசனம்தான் தெரியும். வாங்க தம்பி. இண்டைக்கு மழை வரும். காட்டுப்பக்கம் போகாதீங்க. சரி, பார்த்துப் போங்க. யார் வந்தாலும் இதே நாலு. அந்த உலகத்தில் மழையே இல்லை.

கதிர் அங்கே போய்ப் போய் இருக்கிறான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், "ஒரு பொம்மைக்கு யார் அழுவான்? சுருக்கவும்" என்று எழுதினேன்.

நாலு மாதத்தில் பிரதீபன் திருத்திக்கொண்டு வந்தார். கேட்ட இடமெல்லாம் உடம்பு வைத்திருந்தார். கடை அத்தியாயத்தை மட்டும் தொடவில்லை. நான் அதைக் கவனித்தேன், விட்டுவிட்டேன். முதலாளி கேட்டார், நம்பலாமோ. நம்பலாம் என்றேன். பக்கம் அமைக்கப் போனது.

இப்போது நாங்கள் வேலை செய்த முறையைச் சொல்ல வேண்டும். உங்கள் காலத்தில் ஆளுக்கொரு திரையாம். எங்களுக்கு இரண்டு பேர் ஒரு வேலை. எனக்குச் சோடி நிசாம் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். அவர் கைப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். நான் அச்சுக்கு முன் எடுத்த புரூப்பைப் பார்த்துக்கொண்டு போவேன். எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். கமா என்றால் கமா என்று சொல்ல வேண்டும். "கதிர் வாளை எடுத்தான் கமா நாய் பாய்ந்தது முற்றுப்புள்ளி." முப்பது வருடம் நானாவின் குரலில் கமா கேட்டவள் நான். வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதும் அவர் அப்படித்தான் கதைப்பார் என்று அவர் மனைவி சொல்வார்.

பிரதீபனின் கதையை நாலு நாள் வாசித்தோம். நானா தெளிவாக வாசித்தார். ஒரு கமா விடவில்லை. நானும் ஒரு பிழை விடவில்லை. அப்படித்தான் நினைத்தோம். கடலோர ரெயில் போகும்போது யன்னல் நடுங்கும், நாங்கள் நிறுத்துவோம், போனதும் தொடர்வோம். இரண்டாம் நாள் நானா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெசிந்தா, இவன் குடிக்கிற தண்ணிக்கு எனக்கு ஒண்ணுக்கு வருது."

"வாசிங்க நானா."

"வாசிக்கிறன். இவனுக்குக் கழுத்து நோவுது, முதுகு நோவுது, கால் விறைக்குது. நாய் வந்து கடிச்சாலும் இவனுக்கு விளங்காது போல."

"வாசிங்க."

வாசித்தார். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கடை அத்தியாயம். நாலு பக்கம். அதை வாசித்து முடித்தோம். பிறகு தேத்தண்ணி குடித்தோம், ஆறிப்போயிருந்தது. அடுத்த அத்தியாயத்துக்குப் போனோம். நாலாம் நாள் முடித்தோம். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். புரூப்பை முதலாளியின் மேசையில் வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் போனதும் முதலாளி கூப்பிட்டார். நானாவும் வந்தார். மேசையில் புரூப் திறந்திருந்தது.

"அக்கா, இந்த வரியை வாசியுங்கோ."

வாசித்தேன். கடை அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். கதிருக்குக் கண்ணீர் வந்து உதட்டுக்கு இறங்குகிறது. உப்புக் கரிக்கிறது. அடுத்த வரி: "அவன் கையால் கண்களை அழுத்தித் துடைத்துக்கொண்டான்."

"கண்ணை மூடி ஹெல்மெட் கிடக்கு," என்றார் முதலாளி. "என்னெண்டு துடைக்கிறான்?"

நான் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

"விளையாட்டுக்குள்ள இருக்கிற கை எண்டு சொல்லுவீங்கள். சரி. உதட்டில கரிக்கிற உப்பு உள்ளயோ வெளியயோ? பக்கத்துக்குப் பக்கம் உடம்பு எங்க, உடம்பு எங்க எண்டு கேட்டது நீங்கள். நாலு மாசம் அந்த மனிசனைத் திருத்த வைச்சது நீங்கள். கடைசியில உடம்பை விட்டதும் நீங்கள்தான். இன்னொரு சட்டி கீறப்போறாங்கள்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. புத்தகக் கண்காட்சிக்கு மூன்று கிழமை இருந்தது. அச்சகத்தில் எங்களுக்கு ஒரு புத்தகத்துக்குத்தான் இடம். இதை நிறுத்தி, ஐந்தாம் வகுப்பு வினாவிடைப் புத்தகத்தை மறுபடி அடிக்கப்போவதாகச் சொன்னார். அதில் யாரும் கண் துடைப்பதில்லை.

பத்து மணிக்கு அச்சகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பதே கால்.

"ஒரு நிமிஷம் சேர்," என்றேன். நானாவைப் பார்த்தேன். "நானா, இந்த நாலு பக்கத்தில கமா சொன்னீங்களா?"

நானா புரூப்பை எட்டிப் பார்த்தார். "ஞாபகம் இல்ல."

"நான் கேட்டதா எனக்கும் ஞாபகம் இல்ல."

புரூப்பைப் புரட்டினேன். மற்றப் பக்கங்கள் எல்லாம் சிவப்பு. கமா, கொம்பு, இடைவெளி, எல்லாம் பிடித்திருந்தேன். அந்த நாலு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. இரண்டு கமா விடுபட்டிருந்தது, ஒரு சொல் இரண்டு தரம் வந்திருந்தது. ஒன்றையும் நான் காணவில்லை. ரெயில் போயிருக்கும். நாங்கள் நிறுத்தவில்லை.

அப்போதுதான் எனக்குக் கொள்ளுப்பிட்டி ஞாபகம் வந்தது. பள்ளம். கேட்காத கால். சீமெந்து என்று தெரிந்தும் அடி வைக்காமல் நின்றேன்.

நின்ற இடத்திலேயே சொன்னேன். "சேர், நான் நம்பலாம் எண்டு சொன்னது பிழை. இந்தப் புத்தகத்தில நாங்க ரெண்டு பேரும் நம்பினது நாலு பக்கம்தான். நம்பினதாலதான் பிழையை விட்டோம். மிச்சத்தில ஒரு பிழையும் விடல்ல. நம்பாததால விடல்ல. அத நான்தான் கெடுத்தேன்."

"அப்ப?"

"பழையத அடிப்போம். அவர் முதல் கொண்டுவந்தத. அதில தண்ணி இல்ல."

"பழையது எங்க?"

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. பிரதீபன் கொம்பியூட்டரில் ஒரே பிரதியின் மேல் திருத்தியிருந்தார். பழையது அழிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். நான் சிவப்பால் வெட்டிய கட்டு. நான் திருத்தின எதையும் எறிவதில்லை. மேசை லாச்சியில் கிடந்தது.

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். "திங்கட்கிழமை பத்து மணி வரைக்கும் அச்சகத்தைப் பொறுக்கச் சொல்லுறன். பிந்தினா வினாவிடை."

வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கைப்பிரதிக் கட்டை எடுத்துக்கொண்டு புதுக்கடைக்குப் போனேன். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் பிரதீபன் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"என்னக்கா இஞ்ச? வழக்கோ?"

"இல்ல. பிழை."

"ஆற்ற பிழை?"

"என்ட பிழை."

இருந்தேன். சொன்னேன். அவர் கதிரையின் நுனியில் இருந்து கேட்டார். முடிந்ததும் கிளாசைத் தள்ளி வைத்தார்.

"நாலு மாசம் அக்கா. தண்ணி குடிக்க வைச்சன். கழுத்து நோக வைச்சன். ஆறாம் வாசல்ல வைச்சு வயித்தால போக வைச்சன். வீட்டில மனிசி வாசிச்சிட்டு, இவன் வீரனோ ஆஸ்பத்திரி வருத்தக்காரனோ எண்டு கேட்டவ."

"கேட்டதும் எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள்தானே நம்போணும்."

நீங்கள் அந்த மேசையில் இருக்கும்போது ஒருவர் உங்களை நம்ப வைக்கத் தன் கதையைக் கொல்வார். நீங்கள் கேட்டதையெல்லாம் கொண்டுவந்து வைப்பார். அதைக் கண்டு சந்தோசப்படாதீர்கள்.

"கடை அத்தியாயத்த மட்டும் ஏன் தொடல்ல?" என்று கேட்டேன்.

"தொட ஏலேல்ல."

"ஏன்?"

அவர் வெளியே பார்த்தார். கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணிகள் வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா போகேக்க நான் கோட்டில ஒரு வழக்குக்கு நிண்டனான். உள்ள ஃபோன் அடிக்கக்கூடாது. ஓஃப் பண்ணி வைச்சிருந்தன். வெளிய வந்து போடேக்க எல்லாம் முடிஞ்சுது."

பிறகு அவர் வேலைக்குப் போய்விட்டார். கட்டு என் மடியில் இருந்தது. கடை அத்தியாயத்தை எடுத்து அங்கேயே வாசித்தேன். இந்த முறை வேலைக்காக இல்லை.

அந்தக் கதையில் ஒரு விடயம் இருக்கிறது. கடைக்காரர் மூன்றாவது வசனத்தைச் சொன்ன பிறகு, கதிர் ஏதாவது பதில் சொன்னால்தான் நாலாவது வரும். சரி, பார்த்துப் போங்க. அது வந்ததும் கடை முடியும், காடு திறக்கும். கதிர் பதில் சொல்வதில்லை. காட்டுப்பக்கம் போகாதீங்க என்று கடைக்காரர் சொன்னதும் பேசாமல் இருந்துவிடுகிறான். கடைக்காரர் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பிறகு முதல் வசனத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். நேரம் போகிறது. மற்ற விளையாட்டுக்காரர்கள் ஏழாம் வாசலுக்குப் போய்விட்டார்கள். இவன் நாலாவது வசனம் வராதபடி அங்கேயே இருக்கிறான்.

பொம்மை என்று அவனுக்குத் தெரியும். நான் ஓரத்தில் எழுதிய கேள்வியை அவனிடம் கேட்டிருந்தால், தெரியும் என்றுதான் சொல்லியிருப்பான்.

சனியும் ஞாயிறும் அலுவலகத்தைத் திறந்து வைத்தோம். வெட்டியது பிழை, அந்தச் சொல் இருக்கட்டும் என்றால், வெட்டின சொல்லுக்குக் கீழே புள்ளி வைக்க வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். பக்கம் பக்கமாக என் வெட்டுக்குக் கீழே நானே புள்ளி வைத்தேன். ஓரத்தில் எழுதிய கேள்விகளைக் கோடு போட்டு வெட்டினேன். ஞாயிறு காலை கொச்சிக்கடைத் தேவாலயத்தில் பூசை கண்டுவிட்டு வந்து மிச்சத்துக்கும் வைத்தேன். சுட்டுவிரல் வீங்கியது. பக்கம் அமைக்கும் ரமணி, நான் முடிக்க முடிக்க வாங்கி அடித்தார். "அக்கா, வெட்டுறதுக்கு இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டீங்களே," என்றார். உண்மை.

ஞாயிறு மத்தியானம் பிரதீபன் வந்தார். அந்த ஒரு வரி மிச்சம்.

"ஹெல்மெட்டைக் கழட்டித் துடைக்கட்டும்," என்றார் ரமணி.

"கழட்டினாக் கடை போயிடும்," என்றார் பிரதீபன். "அவன் கழட்ட மாட்டான்."

"அப்ப கண்ணீரை வெட்டுங்க."

நானா யன்னலோரம் இருந்து கண்ணாடியை உடுத்திருந்த சாரத்தின் நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு வெட்டுறது?" என்றார். "தொடைக்க ஏலாது. அவ்வளவுதானே. ஏலாதெண்டு எழுதுங்க."

பிரதீபன் நானாவைப் பார்த்தார். பிறகு ரமணியின் மேசையில் கிடந்த துண்டுத் தாளை எடுத்து, நின்றபடியே எழுதினார். இரண்டு வரி. என்னிடம் தந்தார்.

நாலு மாதம் நான் பக்கத்துக்குப் பக்கம் கேட்ட உடம்பு, அந்த இரண்டு வரிக்குள் இருந்தது. வேறெங்கும் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நானாவும் நானும் மேசையில் இருந்தோம். மற்றதெல்லாம் சனி, ஞாயிறு இரண்டு இரவும் இருந்து வாசித்தாகிவிட்டது. அந்த நாலு பக்கம்தான் பாக்கி. நானா தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்கு ஒரு கமா விட மாட்டன்," என்றார். "அல்லாவுக்காக. நீ புள்ள பேனையைக் கையில வச்சிட்டு இரு."

வைத்துக்கொண்டிருந்தேன். நானா நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்தார். ஒவ்வொரு கமாவுக்கும் மேசையில் விரலால் தட்டினார். விடுபட்ட இரண்டு கமாவையும் பிடித்தேன். இரண்டு தரம் வந்த சொல்லைப் பிடித்தேன். ரெயில் வந்தது, நிறுத்தினோம். போனது, தொடர்ந்தோம். கடைசிப் பக்கம் வந்தது.

"கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினான் முற்றுப்புள்ளி. கை ஹெல்மெட்டில் முட்டியது முற்றுப்புள்ளி. கடைக்காரர் அவனுடைய முகத்தைப் பார்த்தார் முற்றுப்புள்ளி. இண்டைக்கு மழை வரும் கமா என்றார்"

நானா நின்றார். அந்த வசனத்துக்குப் பிறகு ஒரு புள்ளி இருக்கிறது. கைப்பிரதியில் இருக்கிறது, புரூப்பில் இருக்கிறது. நான் பேனையை அதன் மேல் வைத்துக் காத்திருந்தேன். நானா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மேசையில் இருந்தது, தட்டவில்லை.

ஒன்பதரைக்கு முதலாளி கதவடியில் வந்து நின்றார். மணியைச் சொல்லத்தான் வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய் அச்சகத்துக்கு அழைத்தார். இந்தப் புத்தகத்தையே அடியுங்கள் என்று சொன்னது இங்கே கேட்டது.

புத்தகம் கண்காட்சிக்குப் போனது. காலி வீதிக் கடைக்காரரிடம் பிறகு கேட்டேன். "ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல அக்கா. சட்டியும் கீறேல்ல," என்றார். பிரதீபன் நோட்டரியிடம் என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த வருடம் நாடா கட்டிய இன்னொரு கோப்போடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வேலைக் குறிப்புத்தான் இருக்கிறது. பிழை ஒன்றும் பிடிபடாமல் ஒரு பக்கம் வெள்ளையாகப் போனால், அதை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் முறை வாசியுங்கள். அங்கே பிழை இருக்கும். கதையும் அங்கேதான் இருக்கும். பிழையை எடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை நானாவுக்குக் குரல் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே சொன்னேன்.

"முற்றுப்புள்ளி."